பழைய மடிக்கணினியை இணைய ஏலத்தில் விட்டால் அடிமாட்டு விலைக்குப் போய்விடுமா?

போகலாம், ஆனால் அதைத் தீர்மானிப்பது கணினியின் வயதைக் காட்டிலும், எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பதே. ஈபே போன்ற தளங்களில் ஏலம் கேட்பவர் தம் உச்ச வரம்பை முன்கூட்டியே பதிந்துவிடுகிறார். தளம் அவர் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் தொகையை உயர்த்திக்கொண்டே போகிறது. ஆகவே வென்றவர் செலுத்துவது, பெரும்பாலும் அவருக்கு அடுத்து நின்றவரின் தொகையைவிடச் சற்றே கூடுதலான விலைதான். ஒரே ஒருவர் கேட்டால் பொருள் தொடக்க விலைக்கே போய்விடும். எனவே, அதிகம் தேடப்படாத மாதிரி என்றால், எந்தத் தொகைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அதையே தொடக்க விலையாக வையுங்கள். அதைக் கணிக்க, விற்பனைக்கு நிற்கும் கணினிகளின் விலையை அல்ல, விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். ஆசைக்கு யார் வேண்டுமானாலும் எதையும் எழுதி வைக்கலாம்.

"நன்றாக இயங்குகிறது" என்ற ஒற்றை வரியை யாரும் நம்புவதில்லை. செயலி, நினைவகம், மின்கலம் கடந்துள்ள மின்னேற்றச் சுழற்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மூடியில் கீறல் இருந்தால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்துப் போடுங்கள். பின்னால் வரும் தகராறு குறையும்.

அனுப்புமுன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, வட்டிலுள்ள தரவை முறையாக அழித்துவிடுங்கள். கோப்புகளை வெறுமனே நீக்கினால், பழைய வன்தட்டில் அவற்றுக்கான குறிப்பு மட்டுமே அழியும். தரவு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.