டாக்டரும் அதே மேசையருகில்தான் நிற்கிறார்

மகளின் மேற்படிப்புக்கு வழி கேட்டுக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அம்மா அரச வைத்தியசாலை ஒன்றில் நீண்டகாலமாகத் தியேட்டர் தாதி, அதாவது சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதி. மகள் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதியவர். நல்ல பெறுபேறுதான், ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் காணாது. "நான் பட்ட பாடு என்ட புள்ள படக்கூடாது சேர். கழுத்து, இடுப்பு, முழங்கால் எல்லாம் போச்சு. எப்படியாவது இவள டாக்டராக்கிப் போடணும்" என்றார் அம்மா. கனடாவில் இருக்கும் பெரியப்பா வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். காசுக்குப் படுவான்கரை வயல். அது போதாவிட்டால் மகள்மாரின் சீதனத்துக்கென்று வைத்திருக்கும் வளவு.

கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். வளவும் கணக்கில் வந்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

அக்கா, உங்கள் வலி உண்மையானது. அது வயதால் வந்ததும் இல்லை, தலைவிதியும் இல்லை. தியேட்டர் வேலை செய்யப்படும் விதமே அதைக் கொண்டுவருகிறது. ஸ்க்ரப் பண்ணி, அதாவது கையைக் கிருமி நீக்கிக் கழுவிக் கையுறை போட்டு, நிற்கும் தாதி மணிக்கணக்கில் ஒரே இடத்தில், கழுத்தைக் குனிந்தபடி நிற்கிறார். கிருமி நீக்கிய இடத்தை விட்டு நகரவும் முடியாது, கையைத் தொங்கப்போடவும் முடியாது. ஆள் பற்றாத நாளில், வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ரக்டரையும் அவரே இழுத்துப் பிடிக்க வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் நோயாளி தன் உடம்பைத் தாங்கமாட்டார். 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 11 கிலோ வரும். சத்திரசிகிச்சைக்கு முன் கிருமிநீக்கி மருந்து பூசி முடியும்வரை அதை நீட்டிய கையில் தூக்கிப் பிடிக்கிறவர் யார்? மேசையிலிருந்து ட்ரொலிக்கு மாற்றும்போது வளைந்து இழுப்பவர் யார்? எலும்புச் சத்திரசிகிச்சை என்றால் எக்ஸ்ரேக்காக ஈயக் கவசம் வேறு தோளில் தொங்கும்.

இதற்கெல்லாம் உலகத்தில் அளவு வைத்திருக்கிறார்கள். நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவருக்கு 35 இறாத்தலுக்கு மேல், அதாவது 16 கிலோவுக்கு மேல், பாரம் வரக்கூடாது என்பது அமெரிக்காவில் சொல்லப்படும் வரம்பு. கட்டி வைத்த ஒரு கருவி ட்ரேயின் எடைக்கு அங்கே 25 இறாத்தல் எல்லை. நம் பக்கத்தில் ட்ரேயைத் தராசில் வைத்துப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சரி, இப்போது பெரியப்பாவின் யோசனைக்கு வருவோம். சத்திரசிகிச்சை நிபுணர் எங்கே நிற்கிறார்? அதே மேசையருகில், அதே குனிந்த கழுத்தோடு. கழுத்துவலியும் இடுப்புவலியும் அவர்களிடமும் தாராளமாக உண்டு. உடம்பு நோவிலிருந்து தப்ப டாக்டராக வேண்டும் என்ற நியாயம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அப்புறம், வெளிநாட்டில் படித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் ஈஆர்பிஎம் பரீட்சையைத் தாண்டினால்தான் இங்கே பதிவு. அந்தக் கல்லூரியைச் சபை ஏற்றிருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமலே வயலை விற்கும் அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது! வீட்டில் இன்னொரு பெண்பிள்ளையும் இருக்கிறாள். ஒருத்தியின் பட்டத்துக்காக இரண்டு பேரின் வளவையும் ஈடு வைப்பதை என்னால் எந்த விதத்திலும் ஆதரிக்க முடியாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மகள் அதுவரை வாய் திறக்கவில்லை. உனக்கு என்ன பிடிக்கும் மகள் என்று கேட்டதும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். குசினியில் தொங்கும் நாட்காட்டி. கட்டங்களுக்குள் சிவப்புப் பேனையால் க, தோ, இ, மு என்று சின்னச் சின்ன எழுத்துகள். அம்மாவுக்கு அன்றிரவு எங்கே நோவு என்பதற்கான குறிப்பு. பக்கத்தில் அன்றைக்குத் தியேட்டரில் நடந்த வேலை. எலும்பு வேலை நாட்களில் தோளும் இடுப்பும். சிசேரியன் அடுத்தடுத்து வந்த நாட்களில் முழங்கால். அம்மாவே அதைக் கவனித்துப் பார்த்ததில்லை.

வேலைத்தல வலியை ஆராய்கிறவர்கள் 1987இல் வெளியான நோர்டிக் வினாக்கொத்து என்ற ஒன்றை இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். உடம்பை 9 பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் எங்கே நோவு, கடந்த 7 நாளில் எங்கே, அதனால் வேலை தடைப்பட்டதா என்று கேட்கும். இந்தப் பிள்ளை அதன் பெயரையே கேள்விப்படாமல் அதில் பாதியைச் செய்து வைத்திருக்கிறாள். இந்தக் கண்ணை மருந்துப் புத்தகத்துக்குள் புதைக்கச் சொல்கிறீர்களா?

நான் சொல்ல வந்தது ஒக்கியுபேஷனல் தெரபி, தொழில்வழிச் சிகிச்சை. தாதியும் பிசியோவும் எல்லோருக்கும் தெரிந்த பாதைகள், அவற்றைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. அங்கே இது 4 வருடச் சிறப்புப் பட்டம். உயிரியல் பிரிவு மாணவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். அரச பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, உதயதேவி ரயிலில் போய்வரும் செலவு என்று பார்த்தாலும் வயலைத் தொடத் தேவையில்லை.

என்ன வேலை? பாரிசவாதம் வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போடவும் சோற்றைப் பிசைந்து உண்ணவும் திரும்பப் பழக்குவது. கை நரம்பு அறுந்தவருக்கு சுடுநீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அவர் கையின் மேலேயே வளைத்து, கையைத் தாங்கி நிறுத்தும் ஸ்பிளின்ட் செய்வது. தகடு இறுகுவதற்குள் கட்டைவிரல் சரியான கோணத்தில் நிற்க வேண்டும், பிந்தினால் திரும்பச் சுடுநீரில் போட வேண்டும். மூளைவாதம் உள்ள பிள்ளைக்குக் கதிரையை அமைத்துக் கொடுப்பது. விரல் இழந்த வாவி மீனவர் மீண்டும் வலை வீச வழி பார்ப்பது. மருதமுனையில் தறியில் இருக்கும் நெசவாளிக்குத் தோள் ஏன் இறுகுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து, இருக்கையின் உயரத்தை மாற்றுவது.

தியேட்டருக்குள்ளும் இதே கண்தான் வேண்டும். மேசையின் உயரத்தை யாருக்கேற்ப வைப்பது, குள்ளமானவருக்கு எவ்வளவு உயரப் படி, நோயாளியை மாற்ற வழுக்குத் துணி வாங்கலாமா, பாரமான ட்ரேயை இரண்டாகப் பிரிக்கலாமா, நீண்ட சத்திரசிகிச்சையின் நடுவில் தாதியை எப்போது மாற்றிவிடுவது. வலி நிவாரணி வாங்கிக் கொடுப்பதைவிட இவைதான் தாதிகளின் முதுகைக் காப்பாற்றும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அரச வெற்றிடங்கள் தாதிக்கு இருப்பது போல அதிகம் இல்லை. வர்த்தமானிக்காகக் காத்திருக்க நேரலாம். படிப்பு ஆங்கிலத்தில், ஊரை விட்டுத் தூரத்தில். நோயாளிகளைத் தாங்கிப் பிடிக்கும் இவர்களுக்கும் முதுகு நோகும், அதிலிருந்து முழுத் தப்பு எந்தச் சுகாதார வேலையிலும் இல்லை. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், உலக தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் குறைந்தது 1000 மணிநேரக் களப்பயிற்சியை எதிர்பார்க்கிறது. பீடத்துக்குத் தொலைபேசி எடுத்து அந்தச் சம்மேளனத்தின் அங்கீகாரம் பற்றி இப்போதே கேளுங்கள்.

விண்ணப்பத்தில் தொழில்வழிச் சிகிச்சை முதலில் வரட்டும், இயன்மருத்துவம், அதாவது பிசியோ, அடுத்தது. இந்த ஒழுங்கைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும், மாமி சொன்னார் மச்சாள் சொன்னார் என்று கடைசி நாளில் மாற்ற வேண்டாம். நீங்கள், அக்கா, அந்த நாட்காட்டியைப் பொறுப்புத் தாதியிடம் காட்டி, அடுத்த மாத ரோஸ்டரில் எலும்பு வேலை நாட்களைப் பகிர்ந்து போடச் சொல்லுங்கள். பெரியப்பாவோடு பேச வேண்டுமென்றால் நானே பேசுகிறேன். அதுவரைக்கும் காணி உறுதியை வங்கிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.