கேளுங்க சொல்றேன்: பாண்டிச்சேரி, மஞ்சச் சுவருக்கு அந்தப் பக்கம்

இந்த வாரம் வந்த கேள்வியில பாதி பாண்டிச்சேரி பத்தித்தான், லீவு வந்துடுச்சுன்னு தெரியுது. அதனால மத்ததை அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கே: ரெண்டு நாள் பாண்டிக்குப் போறோம். ஒயிட் டவுன் பாத்தா போதுமா? (வாசகி, சேலம்)

ப: போதாதும்மா. மஞ்சச் சுவரும் காகிதப்பூவும் அழகுதான், போட்டோ எடுங்க, யாரு வேணாங்கறா, ஆனா அங்க நீங்க பாக்கறது பெரும்பாலும் சுவரு, வீடு இல்ல, ஏன்னா அந்தக் காலத்து பிரெஞ்சு வீடு உள்ள இருக்கிற தோட்டத்தைப் பாத்துத்தான் இருக்கும், தெருவுக்கு உசந்த மதிலும் ஒரு கேட்டும்தான். நடுவுல ஓடுற வாய்க்காலைத் தாண்டி மேற்கால வைசியாள் வீதிக்கு வாங்க, இங்க வீடே தெருவுக்கு இறங்கி வந்துரும். முதல்ல மரத்தூண் நட்டு ஓடு போட்ட தாழ்வாரம், மழையோ வெயிலோ வழிப்போக்கன் ஒதுங்குறதுக்கு. அதை விட்டு மேல ஏறினா திண்ணை, தெரிஞ்சவங்க வந்தா உக்கார. அப்புறம்தான் கதவு, முற்றம் எல்லாம். யாரை எதுவரைக்கும் விடலாம்னு வீடே சொல்லுது பாருங்க! சில வீட்டுல அண்ணாந்து பாத்தா தமாஷா இருக்கும், கீழ நம்ம ஊரு திண்ணை வீடு, மாடி மட்டும் வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூணுமா பிரெஞ்சு. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தாரே ஆனந்தரங்கப் பிள்ளை, 1736லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவர், அவரோட மாளிகையும் இந்த ஜாதிதான். வைசியாள் வீதி வீடுகளை பழசு கெடாம சீர்பண்ணினதுக்கு 2008ல யுனெஸ்கோ விருதும் கிடைச்சுது. அப்படியே பாரதி 1908லேர்ந்து 1918 வரை இருந்த ஊராச்சே, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில அவர் வீடு மியூசியமா இருக்கு, அதையும் ஒரு நடை பாத்துருங்க.

கே: தெருவெல்லாம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கே, பிரெஞ்சுக்காரன் மூளையா? (வாசகர், திருச்சி)

ப: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. டச்சுக்காரன் 1693ல ஊரைப் பிடிச்சு 1699ல திருப்பிக் குடுத்தான், அந்த ஆறு வருஷத்துல போட்ட பிளான்தான் இதுக்கு அடிப்படை. 1761ல இங்கிலீஷ்காரன் வந்து கோட்டையோட சேத்து ஊரை இடிச்சுத் தள்ளினான். திரும்பக் கட்டும்போது வீடுதான் புதுசு, கோடு பழசு.

கே: என் சின்ன வயசுல பீச் ரோட்டுல வெறும் கருங்கல்லுதான் கிடந்துச்சு. போன மாசம் பாத்தா மணல்! எப்படிங்க? (வாசகர், கடலூர்)

ப: கல்லு வந்த கதையைக் கேட்டாத்தான் மணல் வந்த கதை புரியும். நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல பெரும்பகுதி நாள் கடல் மணலை தெற்கேருந்து வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கும். 1980கள் கடைசியில ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க, வர்ற மணல் அங்கயே நின்னு போச்சு, வடக்க இருந்த பீச்சை கடல் தின்னுருச்சு. ரோட்டைக் காப்பாத்த கல்லைக் கொட்டினாங்க. அப்புறம் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரங்க தலைமைச் செயலகம் பக்கத்துல தண்ணிக்கு அடியில இரும்புல ஒரு திட்டு மாதிரி இறக்கினாங்க, அது அலையோட வேகத்தைக் குறைக்க, மணல் தங்க ஆரம்பிச்சுது. நீங்க கால் நனைச்சீங்களே, அது இன்ஜினியர் பீச்சுங்க!

கே: புதுச்சேரி அரசு முத்திரையில இருக்கிற வெள்ளை மண்டபம் யாருக்குக் கட்டினது? (மாணவி, விழுப்புரம்)

ப: ஆயி மண்டபம், பாரதி பூங்கா நடுவுல இருக்கு. ஆயின்னு ஒரு தாசி, ராஜா ஒருத்தர் கோபத்துக்குப் பயந்து தன் மாளிகையை தானே இடிச்சு அந்த இடத்துல குளம் வெட்டினதா கதை சொல்லுவாங்க. பின்னாடி அங்கேருந்து ஊருக்குத் தண்ணி வந்தப்ப மூணாம் நெப்போலியன் காலத்துல இந்த மண்டபத்தைக் கட்டினாங்க. கவர்னர் பேரு, தளபதி பேரு எல்லாம் இருந்தும், முத்திரையில நிக்கிறது ஆயிதான், எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

கே: ஆரோவில்ல அந்தத் தங்க உருண்டைக்குள்ள போக முடியுமா? (வாசகர், மதுரை)

ப: மாத்ரிமந்திர்தானே? முன்கூட்டியே பதிவு பண்ணினாத்தான் உள்ள. இல்லாட்டி பாஸ் வாங்கி நடந்து போய் தூரத்துலேர்ந்து பாத்துட்டு வரலாம். இன்னொண்ணு, 1968ல தொடங்கின அந்த ஊர் பெரும்பாலும் தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டத்துல இருக்கு.

கே: திரும்பும்போது ரெண்டு பாட்டில்... (பேர் வேண்டாம்னு எழுதியிருக்கார்)

ப: செக்போஸ்ட்ல பேரு கேப்பாங்களே தம்பி.

கே: வயசான அப்பா அம்மாவோட எந்த நேரத்துக்கு பீச் ரோட்டுக்குப் போகலாம்? (வாசகி, வேலூர்)

ப: விடியக்காலைல. சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலைல 7.30 வரைக்கும் வண்டிக்கு அனுமதி இல்ல, ஆனா சாயங்காலம் கூட்டம் நெரியும். காலைல காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்களை அப்பாவுக்குக் காட்டுங்க, செஞ்சியிலேர்ந்து கொண்டுவந்தது, வேலைப்பாடு கையால தொட்டுப் பாக்கிற உயரத்துலயே இருக்கு. 7.30க்கு ரோட்டைத் திறந்து விட்டுருவாங்க, அதுக்குள்ள ரெண்டு நடை நடந்துட்டு வந்துருங்க.