உங்கள் நாவலின் அட்டையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கேள்வி: என் முதல் இளையோர் நாவலுக்குப் பதிப்பகம் அட்டை அனுப்பியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இந்த அட்டைகளை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நான் ஏதாவது சொன்னால் கேட்பார்களா?

பதினோரு வருடமாகப் புத்தக அட்டை வடிவமைப்பதுதான் என் வேலை. அதில் பாதிக்கு மேல் இளையோர் நாவல்கள். அதனால் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதைச் சொன்னால் கேட்பார்கள் என்பது அதிலிருந்தே புரியும்.

உங்களுக்கு வந்திருக்கும் அட்டை தனி ஒருவரின் தேர்வாக இருக்காது. எடிட்டர், ஆர்ட் டைரக்டர், விற்பனைப் பிரிவு, மார்க்கெட்டிங், பதிப்பாளர் என்று ஏழெட்டுப் பேர் தலையாட்டிய பிறகுதான் அது உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். அந்த ஏழெட்டுப் பேரில் உங்கள் நாவலை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் எடிட்டர் மட்டுமாகவே இருக்கக்கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே பருவத்தில் நாற்பது ஐம்பது புத்தகம் விற்க வேண்டியவர் எல்லாவற்றையும் படித்து முடிக்க முடியாது. ஆனால் அட்டை போடுகிறவர் படிக்காமல் இருப்பது எனக்கு ஒப்பாத விஷயம். சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னால் முடியாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வேலை ப்ரீஃபில் தொடங்கும். புத்தகம் கடைக்கு வர ஒன்பது மாதம், சில சமயம் ஒரு வருடம் இருக்கும்போதே எடிட்டர் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பு அனுப்புவார். கதைச் சுருக்கம், வாசகரின் வயது, காதலா திகிலா மாயக்கதையா என்ற வகை, அதே வகையில் நன்றாக விற்ற நான்கைந்து புத்தகங்களின் அட்டைகள், முக்கியப் பாத்திரங்களின் தோற்றம், அப்புறம் 'இதெல்லாம் வேண்டாம்' என்று ஒரு பட்டியல். இவ்வளவு முன்கூட்டியே தொடங்கக் காரணம், விற்பனைக் குழு கடைகளிடம் ஆர்டர் கேட்கப் போகும்போது காட்டுவதற்கு அட்டை வேண்டும். கேட்டலாகில் போட வேண்டும், இணையத்தில் முன்பதிவுப் பக்கம் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் நாவலின் கடைசித் திருத்தமே முடிந்திருக்காது. நான் வரைந்து முடித்த பிறகு, அட்டையின் நடுவில் நின்ற பாத்திரமே கதையிலிருந்து போய்விட்டதும் உண்டு.

ப்ரீஃப் வந்ததும் நான் சின்னச் சின்னதாக இருபது முப்பது கிறுக்கல்கள் போடுவேன். அதில் தேறும் நான்கைந்தை ஓரளவு முடித்த மாதிரிகளாக ஆர்ட் டைரக்டருக்குக் காட்டுவேன். அவர் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு அட்டைக் கூட்டத்துக்குப் போவார். எந்த மாதிரியையும் அனுப்பும் முன் கணினித் திரையில் அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது என் வழக்கம். இன்று பெரும்பாலானவர்கள் ஒரு புத்தகத்தை முதலில் பார்ப்பது கைப்பேசியில், அந்த அளவில்தான். தலைப்பு படிக்க வருகிறதா, பக்கத்தில் இருக்கும் இருபது அட்டைகளிலிருந்து இது பிரிந்து தெரிகிறதா? இல்லையென்றால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவேன். இப்போதைய அட்டைகளில் தலைப்பு எழுத்து பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இளையோர் நாவலில் இன்னொரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கான புத்தகம் என்று சொல்கிறோம், வாங்குகிறவர் பல நேரம் பெரியவர். அமெரிக்காவில் பவுக்கர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த வகைப் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயது தாண்டியவர்கள். அவர்களில் மிகப் பலர் தாங்கள் படிக்கவே வாங்கியவர்கள். ஆக, அட்டை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணையும் நிறுத்த வேண்டும், முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அதைப் பேருந்தில் பிரித்துப் படிக்கக் கூச்சமும் வரக்கூடாது. கூட்டங்களில் பாதி வாக்குவாதம் இதில்தான்.

ஒருமுறை மூன்று மாதிரிகளை அச்செடுத்து, ஒரு வகுப்பில் மேசை மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன். பெரியவர்களான எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது வெளிர்நீல நிறத்தில் நீர்வண்ணம் பூசிய ஒன்று. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், கீழே வைத்தாள். "நல்லா இருக்கு. அம்மா வாங்கிக் கொடுக்கிற புக்கு மாதிரி இருக்கு" என்றாள். அடுத்ததை எடுத்தவள் பின்னட்டையைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்தையும் கேட்டாள். நாங்கள் அந்த இரண்டாவதையே போட்டோம்.

அலைகள் வருவதும் இந்தத் துறையில் வழக்கம். 2005-இல் 'டுவைலைட்' கறுப்புப் பின்னணியில் இரண்டு கைகளும் ஒரு சிவப்பு ஆப்பிளுமாக வந்தது. அது விற்ற வேகத்தைப் பார்த்து, கறுப்பும் சிவப்புமாக ஒற்றைப் பொருள் அட்டைகள் வரிசைகட்டின. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய 'வதரிங் ஹைட்ஸ்' கூட அதே சாயலில் புது அட்டை மாட்டிக்கொண்டது. 2008-இல் 'தி ஹங்கர் கேம்ஸ்' டிம் ஓ'பிரையன் வரைந்த பறவைச் சின்னத்தோடு வந்தபின், எதேச்சாதிகார எதிர்காலக் கதை என்றாலே வட்டத்துக்குள் ஒரு சின்னம் என்றாயிற்று. 2012-இல் ராட்ரிகோ கோரல் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலுக்கு ஒரு கறுப்பு மேகமும் ஒரு வெள்ளை மேகமும் போட்டுக் கையெழுத்து போன்ற தலைப்பு வைத்தார். அப்புறம் கையெழுத்துத் தலைப்புகள் எங்கும் பரவின. உங்கள் ப்ரீஃபிலும் 'இதுபோல' என்று நான்கைந்து அட்டைகள் இணைத்திருப்பார்கள். 'நீ முன்பு ரசித்த அந்தப் புத்தகத்தின் உறவுக்காரன் இது' என்று வாசகருக்குச் சொல்வது அட்டையின் வேலைகளில் ஒன்று. அதை நான் மதிக்கிறேன். நீங்களும் அந்த ஒரு காரணத்துக்காக அட்டையை வெறுத்துவிடாதீர்கள்.

ஆனால் முகம் என்று வரும்போது எனக்குப் பொறுமை குறைவு.

பல வருடங்கள் இந்த நாவல்களின் அட்டையில் இருந்தவை புகைப்பட முகங்கள். தனியாக மாடலை வைத்துப் படமெடுக்கச் செலவாகும், எனவே ஸ்டாக் போட்டோ, அதாவது படக் களஞ்சியங்களில் ஏற்கெனவே எடுத்து விற்பனைக்கு வைத்திருக்கும் படம். அந்தக் களஞ்சியங்களில் 'டீன் கேர்ள்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்தது ஒரே நிறம், ஒரே உடல்வாகு, ஒரே நீளக் கூந்தல். ஒரு படத்தின் உரிமையைப் பலருக்கும் விற்பார்கள் என்பதால், ஒரே பெண் மூன்று வேறு நாவல்களின் நாயகியாக நிற்பதும் நடந்தது. கழுத்துக்கு மேல் வெட்டிய படங்களும் முதுகு காட்டி நிற்கும் பெண்களும் அப்போது அவ்வளவு அதிகம் இருந்ததற்கு இரண்டு காரணம். வாசகர் முகத்தைத் தானே கற்பனை செய்துகொள்ளட்டும் என்பது ஒன்று. கதையில் வரும் முகத்துக்குப் பொருந்தும் படம் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று.

2009-இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியர் எழுதிய 'லையர்' நாவலுக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாயகி குட்டை முடி வைத்த கறுப்பினப் பெண். அமெரிக்கப் பதிப்பின் முதல் அட்டையில் நீளமான நேர்முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். கதையைச் சொல்பவளோ தானே ஒப்புக்கொள்ளும் பொய்க்காரி. அதனால் வெளியீட்டுக்கு முன் அனுப்பும் முன்பிரதியைப் படித்த சிலர், தன் நிறத்தைப் பற்றியும் அவள் பொய்தான் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு தவறான படம் நாவலின் உள்ளேயே புகுந்து அர்த்தத்தை மாற்றிவிட்டது. எழுத்தாளர் வெளிப்படையாக எதிர்த்தார், வாசகர்கள் சேர்ந்துகொண்டார்கள், புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அட்டை மாறியது. ஓவிய அட்டைகள் பெருகிய பிறகு இந்த நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. ஓவியருக்குக் களஞ்சியத்தில் ஆள் தேட வேண்டியதில்லை, எழுத்தாளர் எழுதிய முகத்தை அப்படியே வரையலாம்.

எழுதியவர் ஆணா பெண்ணா என்பதும் அட்டையில் தெரியும். 2013-இல் மவ்ரீன் ஜான்சன் என்ற எழுத்தாளர், பிரபலமான புத்தகங்களின் ஆசிரியர் வேறு பாலினத்தவராக இருந்திருந்தால் அட்டை எப்படி வந்திருக்கும் என்று வரைந்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டார். வந்து குவிந்த படங்களில், ஆணின் கனமான நாவல் பெண் பெயர் ஏறியதும் ரோஜா நிறமும் காற்றில் பறக்கும் கூந்தலுமாக மாறியிருந்தது. உங்கள் அட்டையில் உறுத்துவது அந்தச் சாயலாக இருந்தால், தயங்காமல் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சரி, நான் ஏன் முழுதாகப் படிக்க வேண்டும் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். சில வருடம் முன்பு எனக்கு வந்த நாவலில் நாயகிக்குக் காது கேட்காது, கருவி மாட்டியிருப்பாள். அவளைப் பக்கவாட்டில் வரைந்தேன். கோடு சுத்தமாக வர வேண்டும் என்று முடியை முன்னால் இறக்கிக் காதை மறைத்துவிட்டேன். கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது. 'காதுக் கருவி தெரிந்தால் பிரச்சினைக் கதை என்று நினைத்து வைத்துவிடுவார்கள், இப்படியே இருக்கட்டும்' என்று விற்பனைப் பிரிவும் சொன்னது. அட்டை எழுத்தாளருக்குப் போனது.

அவர் பதிலில் மூன்று வரிதான் இருந்தது. "படம் அழகாக இருக்கிறது. 112-ஆம் பக்கத்தில் அவள் முதல்முறையாக முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போகிறாள். என் நாவல் அந்தப் பக்கத்துக்காக எழுதியது."

நான் அப்போது கையில் வைத்திருந்தது முதல் எண்பது பக்கம். மீதியை அன்று இரவு வாங்கிப் படித்தேன். 112-ஆம் பக்கத்தில் அவள் கண்ணாடி முன் நிற்கிறாள். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முடியை மேலே இழுக்கிறாள். கருவியில் காதுக்குள் பொருந்தும் காதச்சு ஆரஞ்சு நிறம், அவளே சிறு வயதில் தேர்ந்தெடுத்த நிறம். மறுநாள் அந்த நிமிடத்தையே வரைந்தேன். பென்சில் கோட்டில் முகமும் கைகளும், அட்டை முழுவதிலும் நிறம் இருந்தது காதிலும் தலைப்பிலும் மட்டும், அதே ஆரஞ்சு. எடிட்டர் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

அப்புறம் அச்சில் ஒரு சோதனை. திரையில் எரியும் ஆரஞ்சு, வழக்கமான நான்கு மைகளில் (சிஎம்ஒய்கே) எடுத்த மாதிரி அச்சில் மங்கிச் செங்கல் நிறமாக வந்தது. அந்த நான்கையும் கலந்து அந்தப் பளிச்சைக் கொண்டுவர முடியாது. ஐந்தாவதாக பான்டோன் 021 என்ற ஆயத்த ஆரஞ்சைத் தனி மையாக ஓட்ட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. தலைப்புக்குத் திட்டமிட்டிருந்த மினுக்கும் ஃபாயில் அச்சை விட்டுக்கொடுத்து அந்தக் காசில் மையை வாங்கினோம். புத்தகம் கையில் வந்த அன்று நான் முதலில் பார்த்தது காதைத்தான்.

இனி உங்கள் விஷயம். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அட்டை குறித்து ஆசிரியரிடம் 'கலந்தாலோசிக்கப்படும்' என்று இருக்கிறதா, 'ஒப்புதல் பெறப்படும்' என்று இருக்கிறதா? முதல் நாவலுக்குப் பெரும்பாலும் முன்னதுதான் இருக்கும். அதாவது கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. ஆனால் நல்ல கருத்தை ஒதுக்க யாருக்கும் ஆசை கிடையாது. அட்டை தவறினால் நஷ்டம் அவர்களுக்கும்தான்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் பாதி இருக்கிறது. 'பிடிக்கவில்லை' என்று எழுதினால் எங்களுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய வராது. 'நீலத்துக்குப் பதில் பச்சை போடுங்கள், மரத்தை இடதுபக்கம் நகர்த்துங்கள்' என்றால், நாங்கள் பச்சை போட்டு மரத்தை நகர்த்திவிடுவோம், உங்களுக்கு அப்போதும் பிடிக்காது. எது தவறான எண்ணத்தைத் தருகிறது என்று சொல்லுங்கள். 'இதைப் பார்த்தால் காதல் கதை என்று தோன்றுகிறது, என் கதை இரண்டு தோழிகள் பிரிவது பற்றியது' என்பது எங்களுக்குப் பெரிய உதவி. உங்கள் வாசகர் வயதில் நாலைந்து பேரிடம் அட்டையை மட்டும் காட்டி, 'இது எதைப் பற்றிய கதை?' என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. வெளியிடாத அட்டை என்பதால் எடிட்டரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிட்டுக் காட்டுங்கள்.

மின்னஞ்சல் எடிட்டருக்கு மட்டும் போகட்டும், வடிவமைப்பாளருக்கு நேராக வேண்டாம். கூட்டத்தில் உங்களுக்காகப் பேசப்போகிறவர் எடிட்டர்தான், அவர் கையில் ஆயுதம் இருக்க வேண்டும். சீக்கிரம் அனுப்புங்கள். கேட்டலாக் அச்சுக்குப் போய்விட்டால் மாற்றுவது மிகக் கடினம்.

இன்று இரவு உங்கள் நாவலைத் திறந்து, எந்தப் பக்கத்துக்காக அதை எழுதினீர்களோ அந்தப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். பக்க எண்ணையும் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் இரண்டு வரியில் எழுதி மின்னஞ்சலின் தலையில் வையுங்கள். அட்டை போட்டவர் இன்னும் அந்தப் பக்கம் வரை வராமல் இருந்திருக்கலாம்.