பருப்பே வேகாத தண்ணீர்

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறோம். அப்பா தவறிய பிறகு அம்மாவைத் திருவையாற்றிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். அம்மா கையோடு கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று முதல் வருடம் தொட்டியில் தளதளவென்று வளர்ந்தது. இப்போது சில மாதங்களாகக் கொழுந்தெல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. எப்சம் உப்பு, முட்டை ஓட்டுத் தூள், விறகுச் சாம்பல், ஆன்லைனில் வாங்கிய உரங்கள் எல்லாம் போட்டாயிற்று. முன்பு அம்மா அரிசி களைந்த தண்ணீரும் புளித்த மோரும் ஊற்றுவார். வாடை வருகிறதென்று நிறுத்தச் சொல்லிவிட்டு, வீணாகப் போகும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். "பருப்பே வேகாத தண்ணிடா இது" என்று புலம்பிக்கொண்டே ஊற்றுகிறார். அவருக்கு இங்கே பொழுது போவதில்லை, எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். என்ன சத்துக் குறைவு, எந்த உரம் வாங்கலாம்?

பதில்: இனி ஒரு உரமும் வாங்காதீர்கள், தம்பி. செடிக்கு என்ன கோளாறு என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டார். அதை நீங்களே கடிதத்தில் எழுதியும் இருக்கிறீர்கள், காதில்தான் வாங்கவில்லை.

பருப்பு ஏன் வேகவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் குழையாது. ஊர்ப் பக்கம் சமைத்த எந்தப் பெண்ணுக்கும் இது கைப்பழக்கத்தில் தெரியும். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பருப்பை வைத்துத்தான் அந்தக் காலத்தில் பார்த்தார்கள். உங்கள் அம்மா செய்ததும் அதே சோதனைதான்.

பெங்களூருக்குக் காவிரி சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேறி வருகிறது. அது போதாத பல அடுக்குமாடிகளில் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி. 2024 கோடையில் பட்ட பாடு உங்களுக்கும் மறந்திருக்காது. அந்த உப்புத் தண்ணீர் ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் போனதும் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வருகிறது, அதிலிருந்து கழித்த உப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இன்னொரு பக்கம் கழிவு வெளியேறுகிறது. ஆக, பருப்புக்கே ஆகாத தண்ணீரை இன்னும் கெட்டியாக்கித் தினமும் ஒரு தொட்டிச் செடிக்கு ஊற்ற வைத்திருக்கிறீர்கள். அதுவும், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர் கையாலேயே.

தோட்டத்து மண் என்றால் ஒரு மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கூரைக்குக் கீழே பால்கனியில் நிற்கும் தொட்டிக்கு அந்த வழி இல்லை. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு தங்கிவிடும். தொட்டி விளிம்பையும் அடித்தட்டையும் போய்ப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் மண்ணின் புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்று காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது. கறிவேப்பிலைக்கு மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் எண், 6-லிருந்து 7-க்குள் இருந்தால் சுகம். 7-ஐத் தாண்டிப் போகப் போக இரும்பு கரையாது. பி.எச். ஓர் எண் ஏறினால் கரையக்கூடிய இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெங்களூருச் செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்ததுதான். இருந்தும் செடி இரும்புக்கு ஏங்குகிறது. பீரோ நிறைய நகை, சாவி தொலைந்துபோச்சு என்கிற கதை. எலுமிச்சைக் குடும்பத்தில் பிறந்த கறிவேப்பிலைக்கு இந்த ஏக்கம் சட்டென்று வரும்.

இரும்புதான் என்று எப்படிச் சொல்கிறேன்? எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்பதுதான் கணக்கு. தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் இதெல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து, ஓரம் கருகினால் சாம்பல் சத்து, நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இரும்பு அப்படி இடம் மாறாது, போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அது குறைந்தால் அடியிலை பச்சையாகவே இருக்கும், புதுக் கொழுந்து மட்டும் வலை பின்னினாற்போலப் பச்சை நரம்போடு மஞ்சளாக வரும். நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

எப்சம் உப்பு மெக்னீசியம், இங்கே அதற்கு வேலையே இல்லை, இருக்கிற உப்போடு இன்னொரு உப்பு சேர்ந்ததுதான் மிச்சம். முட்டை ஓடு சுண்ணாம்பு. விறகுச் சாம்பல் இன்னும் மோசம், கரைந்த உடனே காரத்தை ஏற்றிவிடும். நீங்கள் போட்ட ஒவ்வொன்றும் நோயைத்தான் வளர்த்திருக்கிறது. பெட்டியில் வந்த சீட்டையெல்லாம் நம்பினீர்கள், கூட இருக்கிற மனுஷியை நம்பவில்லை.

இதைக் கடுமையாகவே சொல்கிறேன். பெற்றவளைக் கூட்டிவந்து ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நினைக்கிற வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. எல்லாவற்றிலும் "பொழுது போகவில்லை" என்ற வார்த்தை இருக்கும். திருவையாற்றில் அவர் பேச்சைக் கேட்டு ஒரு வீடே நடந்தது. இங்கே அவருக்கென்று இருந்தது ஒரு தொட்டி. அதிலும் எதை ஊற்றுவது என்ற அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டு, வாளி தூக்கும் வேலையை மட்டும் மிச்சம் வைத்தீர்கள். பொழுது எப்படிப் போகும்? அம்மா சொன்னதை வீட்டில் ஒருவர் செய்து பார்க்க வேண்டும், அப்போதுதான் அவர் அந்த வீட்டில் வாழ்கிறார் என்று அர்த்தம்.

அவர் ஊற்றியதைப் பார்ப்போம். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாததால் உங்கள் வீட்டில் இப்போது சமையலுக்கு ஆர்.ஓ. நல்ல தண்ணீரைத்தான் பயன்படுத்துவீர்கள். அப்படியானால் அரிசி களைந்த தண்ணீரில் அவ்வளவாக உப்பு கிடையாது. அந்தத் தொட்டிக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே நல்ல தண்ணீர் அதுதான், அதைத்தான் நிறுத்தினீர்கள். புளித்த மோர் புளிப்பு, காரம் ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியிருக்கும். மோர் மருந்து என்று சொல்ல மாட்டேன், தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் எந்த மோரும் தாங்காது. ஆனால் கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றிய நம் பெண்கள் விவரம் தெரியாமல் ஊற்றவில்லை. வாடை வருகிறதா, ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மண்ணைக் கிளறி ஊற்றச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. கழிவுத் தண்ணீர் இன்றோடு தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகட்டும். மாடியில் ஆர்.ஓ. இல்லாமல், கடினத் தண்ணீரை மென்மையாக்கும் 'சாஃப்ட்னர்' இயந்திரம் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம், சுண்ணாம்பை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்த்துத் தருகிறது, செடிக்கு அது இன்னும் கெடுதல். மழை பெய்யும்போது பால்கனியில் வாளி வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது. கிடைத்த நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று வாளி மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிட்டு, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

பி.எச். பார்க்க ஆசையா? இரண்டு கம்பி நீட்டிய மலிவு மீட்டரை நம்பாதீர்கள். நடு ஆழத்திலிருந்து ஒரு பங்கு மண் எடுத்து, இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு பி.எச். தாளை நனையுங்கள். 7.5-க்கு மேல் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

உடனடித் தெம்புக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு கொழுந்தில் தெளியுங்கள். இரண்டு வாரம் அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம், அப்புறமும் கழுவித்தான் போட வேண்டும். மண்ணில் ஊற்றுவதானால் இ.டி.டி.எச்.ஏ. என்று போட்ட இரும்பு உரம்தான் கார மண்ணில் நிற்கும், இ.டி.டி.ஏ. வகை அங்கே சீக்கிரம் வீணாகும். துருப்பிடித்த ஆணி புதைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பலனைப் பழைய மஞ்சள் இலையில் தேடாதீர்கள், அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் பெங்களூரில் கறிவேப்பிலை தூங்கும், அப்போது வேரைத் தொடாதீர்கள். பிப்ரவரி கடைசியில் பாதி மண்ணை உதறிவிட்டு, புதுச் செம்மண்ணும் நன்றாக மக்கிய தொழு உரமும் போட்டு மாற்றுங்கள். எந்தப் பக்குவத்தில் கலப்பது என்று என்னைக் கேட்க வேண்டாம். இன்றைக்கு ஆபீஸ் விட்டு வந்ததும் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அம்மாவைக் கேளுங்கள். அவர் சொல்கிறபடி நீங்கள் கலந்து கொடுங்கள், வாளியையும் நீங்களே தூக்குங்கள்.