பெட்டி அப்புறம், பாஷை முதலில்

கேள்வி: எனக்கு வயது 27. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தான்சானியாவில் இஞ்சோம்பே மலைப்பகுதியில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில், வரும் ஜனவரியிலிருந்து ஒரு வருடம் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் மூலம் வாய்ப்பு வந்திருக்கிறது. ஆங்கில வழிப் பள்ளி என்பதால் மொழிப் பிரச்சினை இருக்காது என்கிறார்கள். சுற்றுலா விசாவிலேயே போய்விடலாமாம். பிள்ளைகளுக்குப் பேனாவும் சாக்லேட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத்தான் பயம். வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?
- வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

மொழிப் பிரச்சினை இருக்காது என்று சொன்னவர் அங்கே ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. தான்சானிய அரசுப் பள்ளிகளில் தொடக்கக் கல்வி முழுக்க அந்நாட்டு மொழியான சுவாஹிலியில். உயர்நிலையின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னில் கால் வைத்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இன்ஜினீயரிங் கல்லூரியில் முதல் மாதம் முழித்த பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த முழிப்புதான், பதிமூன்று பதினான்கு வயதிலேயே. நீங்கள் 'டிரையாங்கிள்' என்பீர்கள். வகுப்பு அமைதியாக இருக்கும். அதையே சுவாஹிலியில் 'பெம்பெடாட்டு' என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் கை தூக்குவார்கள். கணக்குத் தெரியாத பிள்ளைகள் இல்லை அவர்கள்.

அதனால் இப்போதிருந்தே தினமும் ஒரு மணி நேரம் சுவாஹிலி படியுங்கள். இலக்கணம் கரைத்துக் குடிக்க வேண்டாம். கூட்டு, கழி, பெருக்கு, வகு, ஏன், எப்படி, மறுபடி சொல், புரிந்ததா: இவ்வளவு வந்தால் முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். கரும்பலகையின் ஒரு ஓரத்தில் அன்றைய ஆங்கிலச் சொற்களையும் அவற்றுக்கு நேரே சுவாஹிலியையும் எழுதிப்போட்டு, பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். நீங்கள் தப்பாக உச்சரித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதற்கப்புறம்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அங்கே மணிக்கணக்கு வேறு. விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள், நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. தலைமை ஆசிரியர் 'சா ம்பிலி' என்று, அதாவது இரண்டு மணிக்கு வரச்சொன்னால் காலை எட்டுக்கு நிற்க வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போனால் முதல் நாளே பெயர் கெட்டுவிடும். (நம் தாத்தாக்களும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள், அதனால் பழகிவிடும்.) பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமோ' என்று மரியாதை வணக்கம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உங்களுக்குச் சொல்வார்கள்; 'மரஹபா' என்று பதில் சொல்லாமல் கடந்துபோனால் அது மரியாதைக் குறைவு.

புது வகுப்பு என்றால் நாம் வழக்கமாகக் கேட்போமே, "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று, அதை அங்கே கேட்காதீர்கள். நாட்டிலேயே எச்.ஐ.வி. பாதிப்பு விகிதம் மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் ஒன்று இஞ்சோம்பே. பாட்டியிடமும் சித்தியிடமும் வளரும் பிள்ளைகள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். யாரோடு இருக்கிறாய் என்பதைக்கூட அவர்களே சொல்லும்போது தெரிந்துகொண்டால் போதும்.

பிரம்பைப் பற்றியும் யோசித்துக்கொண்டு போங்கள். அங்கே பள்ளியில் அடிப்பதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. நீங்கள் பிரம்பைத் தொட வேண்டாம், அதை முதல் வாரமே தலைமை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் உபதேசம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

சாக்லேட், பேனா வேண்டாம் என்பேன். வந்த அன்றே பொருள் கொடுத்தால் வருடம் முழுக்க நீங்கள் கொடுக்கிறவர், அவர்கள் வாங்குகிறவர்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, அதை அங்கேயே கடையில் வாங்கிப் பள்ளியின் பெயரில் கொடுங்கள்.

இனி உடம்பு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்தி மட்டும் அடுக்காதீர்கள். இஞ்சோம்பே நகரமே கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேயிலையும் உருளைக்கிழங்கும் விளைகிற குளிர். ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. நீங்கள் போகிற ஜனவரி நல்ல மழைக்காலம், சேறு தாங்கும் காலணி வேண்டும். மலைமேல் மலேரியா குறைவுதான், ஆனால் தார் எஸ் சலாமில் இறங்கி 700 கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறவர் தடுப்பு மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் சில நாள், சில மாத்திரை என்றால் நான்கு வாரம், தொடர வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய்வருகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படலாம்.

சுற்றுலா விசா பேச்சை விட்டுவிடுங்கள். தன்னார்வலர்களுக்கு 'கிளாஸ் சி' வசிப்பு அனுமதி என்று தனியாக இருக்கிறது. அதை எடுத்துத்தர நிறுவனம் மழுப்பினால் போகாதீர்கள். இதில் சமாதானமே வேண்டாம்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மகள் பட்டினி கிடக்க மாட்டாள்: ம்சிச்சா என்று அங்கே வதக்குவது நம் தண்டுக்கீரை வகைதான், பீன்ஸ் குழம்பும் சப்பாத்தியும் கிடைக்கும், சோளமாவுக் களியான உகாலி பழகிவிடும். அடுத்தது, ஊறுகாயைக் கடை கவரில் சுற்றித் தர வேண்டாம். 2019 ஜூனிலிருந்து அந்த நாட்டுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகத் தடை. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். துணிப்பையும் டப்பாவும் போதும்.

தான்சானியக் கல்வி நிறுவனம் பாடநூல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த வகுப்பு தரப்போகிறார்கள் என்று தலைமை ஆசிரியருக்கு இந்த வாரமே எழுதிக் கேட்டு, அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பியுங்கள்.