நாலு கோடு கட்டையாகாது

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் 100க்கு 60 மி.மீ. செவ்வகத்தை லைன் கட்டளையில் நான்கு கோடாகப் போட்டு, எக்ஸ்ட்ரூட் கொடுத்து 40 மி.மீ. ஏற்றினேன். பார்க்கக் கட்டை மாதிரிதான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் மூடியும் இல்லை, அடியும் இல்லை. நடுவில் 20 மி.மீ. துளை போட வரவில்லை. எந்த பட்டனை அழுத்த வேண்டும்? எங்கள் சார் இன்னமும் பென்சிலில் மேல், முன், பக்கம் என்று மூன்று தோற்றம் வரையச் சொல்கிறார். அது வீண் வேலை இல்லையா? பேசாமல் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளுக்குப் போய்விடலாமா? என் லேப்டாப்பும் பழசு.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தக் கட்டைக்கு எந்த லேப்டாப்பும் போதும். சாலிட்வொர்க்ஸ் எங்கேயும் ஓடிவிடாது. அங்கேயும் மூடாத ஸ்கெட்ச் கட்டையாகாது.

நீங்கள் போட்ட நான்கு கோடும் கண்ணுக்குத்தான் செவ்வகம். கணினிக்கு அவை நான்கு தனிக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு தகடாக எழுந்து நின்றிருக்கிறது. பிஎடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்து ஒரே தொடர்கோடாக, அதாவது பாலிலைனாக்குங்கள், அல்லது ரீஜன் போட்டு ஒரே பரப்பாக்குங்கள். மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ரீஜன் ஆகாது, அதனால் கோட்டின் முனையைச் சரியாகப் பிடிக்கும் எண்ட்பாயிண்ட் ஸ்னாப் எரிந்துகொண்டே இருக்கட்டும். பிறகு எக்ஸ்ட்ரூட். துளைக்கு நடுவில் வட்டம் போட்டு அதையும் ஏற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் சப்ட்ராக்டில் முதலில் கட்டையைத் தேர்ந்தெடுத்து எண்டர், அப்புறம் உருளையைத் தேர்ந்தெடுத்து எண்டர்.

பட்டன் கதை முடிந்தது. ஆனால் தம்பி, பென்சிலை வீண் வேலை என்று எழுதினீர்களே, அதை நான் விடப்போவதில்லை. தகட்டுக்கும் கட்டைக்கும் வித்தியாசம் 'உள்' என்கிற ஒன்றுதான். 1982இல் ஆட்டோகேட் வந்தபோது அதற்கு அந்த உள் தெரியாது. 1994இல் வந்த 13ஆம் வெளியீட்டில்தான் திண்மம் தனி இணைப்பாக இல்லாமல் அதற்குள்ளேயே சேர்ந்தது. மென்பொருளே அத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட பாடத்தை நீங்கள் ஒரு பட்டனில் கேட்கிறீர்கள்.

கோவை கணபதியில் ஒரு சின்ன பவுண்டரியில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அங்கே வார்ப்புக்கு மாதிரி உரு செய்கிற பேட்டர்ன் மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவருடைய ஸ்கேலில் 100 மி.மீ. அளந்தால் நம்முடையதில் 101 காட்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும் என்பதால் அந்த ஸ்கேலையே நீட்டிச் செய்திருப்பார்கள். ஒருநாள் டிராயிங் போட அதை எடுத்துவிட்டேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஒரு பம்ப் பிராக்கெட்டின் டிராயிங்கை அவரிடம் கொடுத்தேன். சைடு வியூவில், உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் டாட்டட் லைனை விட்டுவிட்டது எனக்கே தெரியாது. அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. விரலைப் படத்தில் பிராக்கெட்டின் குமிழ் மேல் வைத்து, "இதுக்கு உள்ளுக்குள்ள என்னங் தம்பி இருக்குது?" என்றார். "சாலிடுதாங்" என்றேன். இன்னொரு தரம் கேட்டார். அதையே சொன்னேன். உள்ளே குடைவை உண்டாக்கும் கோரைத் தாங்குகிற கோர் பிரிண்ட் இல்லாமல் பேட்டர்ன் தயாரானது. நாற்பது காஸ்டிங் வந்தது, தண்ணீர் போக வேண்டிய இடத்தில் இரும்பு அடைத்துக்கொண்டு. நாற்பதும் மறுபடி உலைக்குப் போனது.

அவர் திட்டவில்லை. மறுநாள் மதியம் துணி சோப்பு ஒன்றை வாங்கி வந்து, என் டிராயிங்கைப் பக்கத்தில் வைத்து, பேனாக்கத்தியால் அந்த பிராக்கெட்டைச் செதுக்கச் சொன்னார். பிளானைப் பார்த்து மேலிருந்து வெட்டினேன், எலிவேஷனைப் பார்த்து முன்னாலிருந்து வெட்டினேன். சைடு வியூவுக்குத் திரும்பியதும் கத்தி நின்றுவிட்டது. எங்கே குடைவது என்று என் டிராயிங்கில் இல்லை. அவர் பென்சிலை எடுத்து நீட்டினார்.

உங்கள் சார் பென்சிலில் வரையச் சொல்வது இதற்குத்தான். ஒரு டாட்டட் லைன் போடும்போது நீங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரைத் தொடுகிறீர்கள். திரையில் மவுஸால் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பதில் அந்தத் தொடுதல் வராது. இரண்டாம் வருஷத்துக்கு வந்த பிறகும் மூடியில்லாத பெட்டியைக் கட்டை என்று நம்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தீர்களே, அது சந்தோஷம். நிறைய பேர் திருப்பவே மாட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோப்பு வாங்கி, அந்தக் கட்டையைத் துளையோடு வெட்டுங்கள். கட்டையின் கன அளவு 240 கன செ.மீ. துளைக்குப் போனதைக் கழித்து, வார்ப்பிரும்புக்குக் கன செ.மீ.க்கு 7.2 கிராம் வைத்து எடையைத் தாளில் போடுங்கள். அதற்கப்புறம் ஆட்டோகேடில் கன அளவைச் சொல்லும் மாஸ்ப்ராப் கட்டளை கொடுத்து வருகிற கன அளவோடு ஒத்துப் பாருங்கள். எடை எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.