போர்முனை கண்ட அதிபர்கள்தான் படைவீரர் ஓய்வூதியத்தை ஆதரித்தார்களா?

கேள்வி: நான் அரசியல் அறிவியல் முதுகலை மாணவி. "போரில் பணியாற்றிய அமெரிக்க அதிபர்கள் படைவீரர் ஓய்வூதியத்தை ஆதரித்தார்கள், பணியாற்றாதவர்கள் எதிர்த்தார்கள்" என்ற கருத்தை நிறுவிப் பருவக் கட்டுரை எழுத நினைக்கிறேன். தமக்குப் பதிலாக வேறொருவரைப் போருக்கு அனுப்பிய குரோவர் கிளீவ்லாந்து, நூற்றுக்கணக்கான ஓய்வூதிய மசோதாக்களைத் திருப்பி அனுப்பியது இதற்குப் போதிய சான்றாகுமா? லிங்கனும் ஆள் அனுப்பினார் என்கிறார்களே, அதை எப்படிக் கையாள்வது?

பதில்: ஆகாது. கருத்துக்கு இசைவான அதிபர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் கட்டுரை உறுதியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தளபதியாக இருந்து அதிபரான ஐசனோவரின் பெயரைத் தேர்வாளர் சொன்ன அளவில் அது சரிந்துவிடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் வழக்கில் ஓய்வூதியம் என்பது நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவருக்கு மாதந்தோறும் வரும் தொகை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடந்த விவாதமோ, சில மாதங்களோ சில ஆண்டுகளோ போரிட்டுவிட்டு ஏருக்கும் பட்டறைக்கும் திரும்பிய சாதாரணக் குடிமக்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் அரசு அளித்த உதவித்தொகையைப் பற்றியது. அந்தத் தொகை காயத்துக்கா, வறுமைக்கா, அல்லது படையில் இருந்த ஒரே காரணத்துக்கா என்பதில்தான் அதிபர்கள் பிரிந்து நின்றார்கள்.

இந்தச் சிக்கல் வாஷிங்டனிடமே தொடங்குகிறது. சுதந்திர அரசின் பாதுகாப்பில் வாழும் குடிமகன் தன் சொத்தில் ஒரு பங்கை மட்டுமன்றித் தன் பணியையும் நாட்டுக்குத் தரக் கடமைப்பட்டவன் என்று 1783இல் எழுதியவர் அவர். அவரே தம் அதிகாரிகளுக்கு ஆயுட்காலம் முழுவதும் பாதி ஊதியம் வேண்டும் என்று நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸை வற்புறுத்தியும் வந்தார். கடமைக்குக் கூலி ஏது என்று கேட்கலாம். அவர் அதை முரண்பாடாகக் கருதவில்லை. அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப்போரில், டிரெண்டன் சண்டையில் தோளில் குண்டடிபட்ட மன்ரோ அதிபராக இருந்த காலத்தில், 1818ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது மாதங்கள் பணியாற்றி வறுமையில் வாடிய புரட்சிப்போர் வீரருக்கு மாதம் 8 டாலர் அளித்தது. விண்ணப்பங்கள் வந்து குவிந்ததால், இரண்டே ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தம் உடைமைகளைப் பட்டியலிட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

இனி கிளீவ்லாந்து. உள்நாட்டுப் போர் நடந்த 1863இல் கட்டாயப் படைத்திரட்டலில் அழைக்கப்பட்டபோது, தாயையும் தங்கைகளையும் காப்பாற்றும் பொறுப்பு இருந்ததால், 150 டாலர் கொடுத்துப் போலந்திலிருந்து குடியேறிய ஒருவரை அனுப்பினார். சட்டம் அதை அனுமதித்தது, அவருடைய சகோதரர் இருவர் ஏற்கெனவே படையில் பணியாற்றியிருந்தனர். அவர் மறுத்தவற்றில் பெரும்பாலானவை பொதுச் சட்டங்கள் அல்ல, தனிநபர் மசோதாக்கள். அதாவது ஓய்வூதிய அலுவலகம் ஆராய்ந்து தள்ளிவிட்ட விண்ணப்பத்தை, தொகுதி உறுப்பினர் ஒருவர் காங்கிரஸ் வழியாகத் திரும்பவும் நுழைப்பது. ஒரே நாளில் ஏறத்தாழ 240 மசோதாக்கள் தம் மேசைக்கு வந்ததாக 1886இல் அவரே குறைப்பட்டுக்கொண்டார். முந்தைய அதிபர்கள் படிக்காமலே ஒப்பமிட்ட இடத்தில் அவர் இரவெல்லாம் உட்கார்ந்து படித்தார் என்பதுதான் உண்மையான வேறுபாடு. மறுத்தவற்றைவிடப் பல மடங்கு மசோதாக்களில் அவர் ஒப்பமிட்டார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் மறுப்புரைகளில் சிலவற்றின் கேலித் தொனி அவருக்குக் கெட்ட பெயரை வாங்கித் தந்தது. அதற்கு அவரைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல இயலாது.

1887 பிப்ரவரியில் அவர் திருப்பி அனுப்பிய மசோதா வேறு வகையானது. மூன்று மாதங்கள் பணியாற்றி, பிழைக்க வழியின்றி உழைக்க இயலாமல் போன எவருக்கும், அந்த இயலாமை போரால் வந்ததா என்று கேளாமலே உதவித்தொகை தருவது அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவரை வென்ற பெஞ்சமின் ஹாரிசன் உள்நாட்டுப் போரில் படைப்பிரிவை நடத்தியவர். 1890 ஜூனில் ஏறத்தாழ அதே கொள்கையைச் சட்டமாக்கினார். இந்த இணை உங்கள் கருத்தை மெய்ப்பிப்பதுபோலத் தெரியும். ஆனால் இருவருக்கும் பின்னால் இருந்த கட்சிக் கணக்கைப் பாருங்கள். குடியரசுக் கட்சி உயர்ந்த இறக்குமதி வரியைக் காக்க விரும்பியது. வரியால் கருவூலத்தில் உபரி தேங்கினால் வரியைக் குறைக்கச் சொல்வார்கள்; அந்த உபரியைச் செலவிட ஓய்வூதியம் நல்ல வழி. முன்னாள் வீரர்களின் அமைப்பான குடியரசின் பெரும்படை வடக்கில் பெரும் வாக்கு வங்கி. கிளீவ்லாந்தின் ஜனநாயகக் கட்சிக்கோ தெற்கே ஆதாரம். பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் போரிட்ட தென்னவர்களுக்குக் கூட்டாட்சி ஓய்வூதியம் கிடையாது, வரிச்சுமை மட்டும் உண்டு. 1893இல் கூட்டாட்சிச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வூதியத்துக்கே போனது என்றால் இந்தக் கணக்கின் வலிமை புரியும்.

இருபதாம் நூற்றாண்டு உங்கள் கருத்துக்கு இன்னும் பகையானது. ஹார்டிங், கூலிட்ஜ், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய மூவரும் சீருடை அணியாதவர்கள். மூவரும் முதல் உலகப்போர் வீரர்களுக்கான போனஸ் மசோதாவை மறுத்தவர்கள். இதுவரை சரி. ஆனால் 1933இல் வீரர்களின் சலுகைகளைக் கடுமையாகக் குறைத்து, சீருடை அணிந்ததால் மட்டும் ஒருவர் தனிச் சலுகை பெறும் வகுப்பினராகிவிட முடியாது என்று பேசிய அதே ரூஸ்வெல்ட்தான், திரும்பும் வீரர்களுக்குக் கல்வியும் வீட்டுக்கடனும் வழங்கிய 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஐந்து நட்சத்திரத் தளபதியான ஐசனோவர் நியமித்த, இன்னொரு தளபதி ஒமர் பிராட்லி தலைமையிலான ஆணையமோ, படைப்பணி குடிமகனின் கடமை, அதுவே பிற்காலச் சலுகைக்கு அடிப்படையாகாது என்று 1956இல் அறிக்கை தந்தது.

ஆகவே அதிபர்களைப் போரிட்டவர், போரிடாதவர் என்று பிரிக்காமல், ஒவ்வொருவரும் காயம், வறுமை, பணி ஆகிய மூன்றில் எதைத் தகுதியாக ஏற்றார், அவருடைய கட்சிக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்டு எழுதுங்கள். கிளீவ்லாந்தின் மறுப்புரைகள் முழுமையாக அச்சில் உள்ளன. பத்தையாவது நேரடியாகப் படித்துவிட்டு அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் போதும்.

லிங்கன் 1864இல் ஓர் இளைஞரைத் தம் சார்பாகச் சேர்த்தது உண்மைதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 55. கட்டாயப் படைத்திரட்டல் வயதுவரம்பைக் கடந்தவர். கடமை இல்லாதவர்களும் விரும்பினால் ஒருவரைத் தம் பிரதிநிதியாகப் படையில் சேர்க்கலாம் என்றிருந்த ஏற்பாட்டின்படி, பிறருக்கு முன்மாதிரியாக அவர் செய்த செயல் அது. அழைப்பிலிருந்து விடுபடப் பணம் கொடுத்த கிளீவ்லாந்தின் செயலோடு அதை ஒரே பத்தியில் வைக்காதீர்கள்.